இல்லத்துப் பட்டறையும் அரும்பொருட் பாதுகாப்பும்

திருவனந்தபுரம் ஸ்ரீ பத்மநாப சுவாமி ஆலயம் 1686ஆம் ஆண்டில் பெருந்தீக்கு இரையாயிற்று. அதன் பின்னர் நெடுங்காலம் சிதைந்து கிடந்த அவ்வாலயத்தை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மார்த்தாண்ட வர்ம மகாராஜா புதுப்பித்தார். அப்போது, மரத்தாலானதென்று கூறப்படும் பழைய திருமேனிக்குப் பதிலாகச் சாளக்கிராமங்களைக் கொண்டு கடுசர்க்கரை யோகத்தால் புதிய திருமேனி அமைக்கப்பட்டது. சந்நிதியின் முன்னே ஒற்றைக்கல் மண்டபமும் எழுந்தது. இம்மாற்றத்திற்குச் சமயக் காரணங்கள் இருக்கலாம். ஆயினும் தீ கண்ட ஓரிடத்தில் மரத்தின் ஸ்தானத்தைக் கல் பெற்றது விஞ்ஞான நோக்கிலும் கவனிக்கத்தக்கதே.

இதே மாவட்டத்துக் கிளிமானூரில் பிறந்த ஓவியர் ராஜா ரவி வர்மா, தம் படங்கள் ஏழை எளியவர் இல்லங்களையும் சென்றடைய வேண்டுமென்று 1894இல் பம்பாயில் ஒரு கல்லச்சுக்கூடத்தை நிறுவினார். அது பின்னர் லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு மாற்றப்பட்டு, ஜெர்மானியத் தொழில் நிபுணர் ஒருவர் வசமாயிற்று. 1972ஆம் ஆண்டில் அக்கூடம் தீயில் அழிந்தது. அங்குச் சேமித்து வைத்திருந்த அச்சுப் படங்கள் பலவும் உடன் அழிந்தன. எனினும் ரவி வர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் மறைந்துபோகவில்லை. அப்படங்கள் அதற்கு முன்பே நாடெங்கும் எண்ணற்ற வீடுகளின் சுவர்களில் ஏறிவிட்டன. ஓரிடத்தில் குவிந்திருந்தது எரிந்தது. பல இடங்களில் பரவியிருந்தது பிழைத்தது. இச்செய்தியை வாசகர் மனத்திற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். இது பின்னரும் பயன்படும்.

ஆலயத்தையும் அச்சுக்கூடத்தையும் விட்டு நம் இல்லங்களுக்கு வருவோம். கரமனையிலும் கோட்டைக்குள்ளும் வலியசாலையிலும் உள்ள வீடுகள் பலவற்றில் பின்கட்டிலோ சார்ப்பிலோ ஒரு சிறு பட்டறையைக் காணலாம். ஒருவர் மரவேலை செய்கிறார். ஒருவர் சிரட்டையில் கைவினைப் பொருள் கடைகிறார். வேறொருவர் ஓய்வு பெற்ற பின் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்க்கிறார். அதே கூரையின் கீழ்த்தான் பாட்டனார் எழுதிய ஏடும், குடும்பப் புகைப்படங்களும், வீட்டின் ஆதாரமும் இருக்கின்றன. (ஆதாரம் என்றால் இவ்வூரில் நிலப்பத்திரம். அடையாள அட்டைக்கும் அப்பெயர் வந்தபின் இச்சொல் விளைக்கும் குழப்பம் அலுவலகங்களில் அன்றாடக் காட்சி.) பட்டறை தீயை உண்டாக்கவல்லது, அருகறையில் இருப்பவையோ மீண்டும் கிடைக்காதவை. இவ்விரண்டும் ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்வதே நம் பிரச்சினையாகும்.

"எங்கள் வீடு கான்கிரீட்டால் ஆனது, தீ என்ன செய்யும்?" என்று கேட்போர் உண்டு. அமெரிக்காவில் வெஸ்ட் ஆரஞ்சு நகரிலிருந்த எடிசனின் தொழிற்சாலைக் கட்டிடங்களுட் பலவும் கான்கிரீட்டால் ஆனவையே. தீக்கு அஞ்ச வேண்டாதவை என்று அவை கருதப்பட்டன. 1914 டிசம்பர் 9ஆம் தேதி சினிமாப் பிலிம் இருந்த ஒரு கட்டிடத்தில் மூண்ட தீ அத்தொழிற்சாலையின் பெரும் பகுதியை நாசமாக்கியது. சுவர் எரியாதது உண்மை, உள்ளிருந்தவை எரிந்தன.

பட்டறைத் தீயின் காரணங்களுள் மிகவும் வியப்புக்குரியதும், பலர் நம்ப மறுப்பதும், எண்ணெய்த் துணியாகும். மரச்சாமான்களுக்கு மெருகேற்றுவோர் ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தோய்த்துத் தேய்ப்பர். இவ்வெண்ணெய் உலர்வது நீர் உலர்வதைப் போன்றதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவுடன் இரசாயன முறையில் கூடியே அது இறுகுகின்றது. அவ்வாறு கூடும்போது வெப்பம் பிறக்கின்றது. துணி விரிந்து கிடந்தால் அவ்வெப்பம் காற்றில் கலந்துவிடும். சுருட்டி மூலையில் எறிந்தாலோ, வெளியேற வழியின்றி நடுவே தங்கும். வெப்பம் ஏற ஏற இரசாயனச் செயல் விரைவுபடும். செயல் விரைவுபட வெப்பம் மேலும் ஏறும். சில மணி நேரத்தில், தீக்குச்சியோ தீப்பொறியோ இன்றியே, துணி தானாகப் பற்றிக்கொள்ளும்.

நம்மவர் இதனை நம்ப மறுப்பதற்கு ஒரு நியாயமும் உண்டு. இங்கு எண்ணெய் என்றால் தேங்காயெண்ணெய். அதில் நனைந்த துணி ஆண்டாண்டாக அடுக்களை மூலையில் கிடந்தும் எரிந்ததாக யாரும் கேட்டதில்லை. ஓர் எண்ணெய் பிராணவாயுவை ஏற்கும் ஆற்றலை ஒருவாறு காட்டுவது அதன் அயோடின் எண்ணாகும். தேங்காயெண்ணெய்க்கு அது பத்தை ஒட்டியது. ஆளிவிதை எண்ணெய்க்கோ ஏறக்குறைய 170 முதல் 200 வரை. ஒன்றிடம் கற்ற பழக்கத்தை மற்றொன்றிடம் காட்டலாகாது. வேலை முடிந்தபின் அத்துணிகளை வெளியே கொடியில் தனித்தனியாக விரித்து உலர்த்துக. அன்றேல் நீர் நிரப்பி மூடிய தகர டப்பாவில் இடுக.

அடுத்து ஆவிகள். திரவம் எரிவதில்லை, அதன் ஆவியே எரிகின்றது. எவ்வளவு குறைந்த வெப்பநிலையில் ஒரு திரவத்தின் ஆவி பொறி பட்டவுடன் பற்றுமோ, அதனைத் தீப்பற்று நிலை என்பர். மண்ணெண்ணெய்க்கு அது 38 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்டது. கற்பூரத் தைலத்திற்குச் சுமார் 35. மெருகு ஸ்பிரிட்டுக்குச் சுமார் 13. அசிட்டோனுக்குப் பூஜ்யத்திற்கும் கீழே 20. பெட்ரோலுக்கு அதற்கும் கீழே. திருவனந்தபுரத்தில் விடியற்காலையிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிதாகையால், பின்சொன்ன மூன்றும் ஆண்டு முழுவதும் பற்றுவதற்கு ஆயத்தமாகவே இருக்கின்றன. மேலும், இந்த ஆவிகள் காற்றினும் கனமானவை. தரையோடு தவழ்ந்து, கதவின் அடியில் நுழைந்து, அடுக்களை அடுப்பை எட்டவல்லவை. ஆகவே மெருகுப்பணியைச் சன்னல் திறந்த இடத்திலோ முற்றத்திலோ செய்வதே நன்று.

இங்கே மொழிபெயர்ப்போரின் இடர் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் எளிதில் எரியும் பொருளை 'ஃபிளேமபிள்' என்றும் 'இன்ஃபிளேமபிள்' என்றும் எழுதுவர். இரண்டிற்கும் பொருள் ஒன்றே. ஆனால் 'இன்' என்ற முன்னொட்டு எதிர்மறையைக் குறிக்கும் என்று கற்ற மாணவன் இரண்டாம் சொல்லை 'எரியாதது' என்று படிப்பது இயல்பு. பழைய டப்பாக்களில் இச்சொல்லைக் கண்டால் அதனை எரியும் பொருள் என்றே கொள்க. தமிழில் 'தீப்பற்றும்' என்று எழுதிவிட்டால் இந்தச் சங்கடம் இல்லை.

கிணற்றுக்கு இடும் பிளீச்சிங் பவுடரையும் பட்டறையில் வைக்கலாகாது. அது தானே எரியும் பொருளன்றெனினும் பிராணவாயுவை வெளிவிட்டுப் பிறவற்றை எரியச் செய்வது. எண்ணெய், ஸ்பிரிட் முதலியவற்றோடு கலந்தால் கடும் வெப்பம் உண்டாகும். 2023 மே 23ஆம் தேதி அதிகாலையில் தும்பையிலுள்ள மருத்துவப் பொருட் கிடங்கு எரிந்தபோது அங்கு பிளீச்சிங் பவுடரும் இருந்தது. அத்தீயை அணைக்கச் சென்ற வீரர் ஒருவர் சுவர் இடிந்து உயிர்நீத்தார்.

மரத்தூளைப் பற்றி ஒரு சொல். சாணைக்கல்லிலிருந்து தெறித்த பொறி தூளில் விழுந்தால் உடனே சுவாலை எழாது. உமித்தீயைப் போல் உள்ளுக்குள்ளேயே கனன்று, வீட்டார் உறங்கிய பின் வெளிப்படும். சாணை, பற்றவைப்பு ஆகிய சூடான வேலைகளைப் பட்டறையை மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே நிறுத்திவிட்டு, பூட்டும் முன் தரையை ஒருமுறை நோக்குவது சிறந்த வழக்கம்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை விதி எளியது: கம்பியில் மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஒரே நீட்டிப்புப் பலகையில் துளைப்பானையும் சால்டரிங் இரும்பையும் மின்விசிறியையும் மாட்டுவோர் இதனை நினைக்க வேண்டும். தளர்ந்த இணைப்பு இன்னும் கொடியது. அங்கு வெப்பம் மிகுந்தாலும் மொத்த மின்னோட்டம் மிகாதாகையால் பியூஸோ, தானியங்கிச் சுவிட்சோ அதனை உணர்வதில்லை. நிறம் மாறிய பிளக்கும் சூடான சுவிட்சும் கருகல் வாடையுமே எச்சரிக்கைகள். தரைக்கு மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் கருவி, 30 மில்லி ஆம்பியர் அளவினது, பட்டறைக்கு இன்றியமையாதது. பட்டறைக்கெனத் தனிச் சுவிட்சு ஒன்றை வாயிலருகே அமைத்து, வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம். துலாவர்ஷ காலத்து மாலை இடிமின்னலில் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. பிளக்குகளையே கழற்றிவிட வேண்டும். லித்தியம் மின்கலங்களை ஆளில்லாத வேளையிலோ உறங்கும்போதோ மின்னேற்றம் செய்யலாகாது.

தீயணைப்பான் ஒன்று வாங்குவோர் பலர்; அது எவ்வளவு நேரம் இயங்கும் என்று கேட்போர் சிலரே. இரண்டு கிலோ உலர்தூள் அணைப்பான் ஏறக்குறைய பத்து விநாடிகளில் தீர்ந்துவிடும். எனவே குப்பைக்கூடையளவு தீக்கே அது பொருந்தும். வாயிலை முதுகுப்புறம் வைத்துக்கொண்டு, தீயின் அடியை நோக்கிப் பீய்ச்சுக. தீர்ந்தும் அடங்காவிடில் வெளியேறிக் கதவைச் சாத்திவிட்டு 101ஐ அழைக்க வேண்டும். சாத்திய கதவு காற்றைக் குறைக்கும், புகையையும் தடுக்கும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தின் செந்நிறப் பொருளோடு பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் பற்றுடையது. சுடாமலே உயிர் போக்கவல்லது. ஏட்டைத் தேடி எரியும் வீட்டுக்குள் எவரும் மீண்டும் நுழையலாகாது. உலர்தூள் ஈரக்காற்றில் உலோகத்தையும் மின்கருவிகளையும் அரிக்குமாகையால், வானொலிப் பட்டறைக்குக் கரியமிலவாயு அணைப்பானே தக்கது.

இனி அரும்பொருட்கள். நம் வீடுகளில் அவை எஃகு பீரோவில் வைக்கப்படுகின்றன. பீரோ திருடனைத் தடுக்கும், தீயைத் தடுக்காது. எஃகு வெப்பத்தை எளிதிற் கடத்துவது. எரியும் அறை 600 டிகிரியைத் தாண்டும். காகிதமோ 230 டிகிரியை ஒட்டிக் கருகித் தீயும். சுவாலை படாமலே பீரோவுக்குள் பத்திரங்கள் அடுப்பில் வைத்தவைபோல் ஆகிவிடும். பொன் 1,064 டிகிரி வரை உருகாதாகையால் நகை பெரும்பாலும் தப்பும், கடிதம் தப்பாது.

தீத் தாங்கும் பெட்டகங்களின் சுவரில் ஜிப்சம் போன்ற பொருள்கள் உள்ளன. ஜிப்சத்தின் எடையில் ஐந்திலொரு பங்கு கட்டுண்ட நீர். வெப்பத்தில் அது ஆவியாகி உள்ளறையைக் குளிர்விக்கும். காகிதத்திற்கான பெட்டகத்தின் உள்வெப்பம் 177 டிகிரியைத் தாண்டாதபடி சோதித்துத் தரம் குறிப்பர். அதே பெட்டகத்தில் கணினித் தட்டையோ ஒலிநாடாவையோ வைப்பது பயனற்றது. அவற்றுக்கு வரம்பு அதனினும் மிகக் குறைவு. அன்றியும், சுவரிலுள்ள அந்நீர் நம் கடற்கரைக் காலநிலையோடு சேர்ந்து பெட்டகத்திற்குள் ஈரத்தை உண்டாக்கும். ஓலைச்சுவடிக்குப் பூஞ்சையும் தீயைப் போன்ற பகையே. மாதம் ஒருமுறை திறந்து காற்றாட வைக்க வேண்டும்.

பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் ஒரு மடத்தில் இருந்த மலையாள எழுத்துச் சுவடியிலிருந்தே, 1909-10 வாக்கில், பாஸனுடையவை என்று தாம் முடிவு செய்த வடமொழி நாடகங்களைக் கணபதி சாஸ்திரி கண்டெடுத்தார். 1912 முதல் அவை திருவனந்தபுரம் வரிசையில் அச்சேறின. அச்சேறும் வரை அவை இருந்தது, எந்த இரவிலும் எரிந்திருக்கக்கூடிய ஓலைக்கட்டுகளில்தான். யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்கு அந்நல்லூழ் வாய்க்கவில்லை. 1981இல் சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அங்கு எரிந்தன. அச்சிட்ட நூலுக்கு வேறெங்கேனும் படி கிடைக்கலாம். தனிச் சுவடிக்குக் கிடைக்காது. ரவி வர்மாவின் படங்களுக்கு நேர்ந்த நன்மையை நம் வீட்டு ஏட்டிற்கும் நாமே செய்துகொள்ளலாம். ஒவ்வோர் ஓலையையும் புகைப்படம் எடுத்து, ஒரு படியை வேறு ஊரிலுள்ள உறவினரிடம் தருக. அறைகளையும் பொருள்களையும் படம் பிடித்து வைத்தால் காப்பீட்டுக் கழகத்திடம் கணக்குச் சொல்லவும் உதவும். சிறப்புடைய சுவடியாயின் காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகத்தாரிடம் காட்டி ஆலோசனை பெறலாம்.

தீ அடங்கியபின் பெட்டகத்தை உடனே திறந்துவிடக் கூடாது. வெளிப்புறம் ஆறியிருப்பினும் உள்ளே வெப்பம் தேங்கியிருக்கும். கருகும் நிலையிலுள்ள காகிதம் பிராணவாயு போதாமையால் மட்டுமே பற்றாமல் இருக்கக்கூடும். கதவு திறந்து புதுக்காற்று புகுந்தவுடன் அனைத்தும் கண்ணெதிரே எரிந்துபோகும். ஒரு நாளேனும், பெரிய பெட்டகமாயின் அதனினும் கூடுதலாகவும், பொறுத்திருந்து, கைவைத்துப் பார்த்து எல்லாப் பக்கமும் குளிர்ந்த பின்னரே சாவியைத் திருப்ப வேண்டும்.