ரத்தான விமானமும் பிரயாணியின் பாத்தியதையும்

2025-ஆம் வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில், இந்தியாவின் உள்நாட்டு ஆகாயப் போக்குவரத்தில் பாதிக்கு மேல் தன் வசம் வைத்திருக்கும் இண்டிகோ கம்பெனி, விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு தர வேண்டுமென்று அமலுக்கு வந்த புதிய விதிகளுக்குத் தக்கபடி ஆள்பலத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளாததால், தினந்தோறும் நூற்றுக்கணக்கான விமானங்களை ரத்து செய்து, 5-ஆம் தேதி ஒரு நாளில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களைக் கைவிட்டது. கல்யாணத்துக்குப் புறப்பட்டவரும், வைத்தியத்துக்குப் புறப்பட்டவரும், புது உத்தியோகத்தில் சேரப் புறப்பட்டவரும் பெட்டிகளோடு விமான நிலையத்திலேயே காத்துக் கிடக்க நேர்ந்தது. நிலைமை முற்றியபின் மத்திய அரசாங்கம் குறுக்கிட்டு, 7-ஆம் தேதி இரவு 8 மணிக்குள் டிக்கெட் பணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டுமென்று கெடு விதித்ததோடு, சந்தர்ப்பம் பார்த்து மற்றக் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றிவிடாதபடி, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய் என்று தொடங்கித் தூரத்துக்கேற்ற உச்சவரம்பும் கட்டியது.

நாடு முழுவதும் கூக்குரல் எழுந்ததால் கிடைத்த பரிகாரம் அது. சாதாரணமான ஒரு வாரநாளில், மதுரையிலிருந்து சென்னைக்குப் போக வேண்டிய ஒரே ஒரு விமானம் ரத்தாகி, அதில் ஏறவிருந்தவர்களைத் தவிர வேறெவருக்கும் அது செய்தியாகாதபோது, மந்திரியும் தலையிடமாட்டார், கெடுவும் பிறக்காது. அன்றைக்குப் பிரயாணிக்கு உதவக்கூடியது, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் 2010-இல் பிறப்பித்துப் பின்னர் அவ்வப்போது திருத்தி வந்திருக்கும் விதித்தொகுப்பு ஒன்றுதான். அதைச் சகல விமானக் கம்பெனிகளும் அனுசரித்தே தீரவேண்டும். கவுண்டரில் நிற்கும் சிப்பந்திக்கு அது தெரியாது என்பது கம்பெனிக்குச் சமாதானமாகாது.

அந்த விதிகளில் பிரயாணி மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய பிரதானமான அம்சம் நஷ்டஈடு அன்று, தேர்வுரிமை. விமானத்தைக் கம்பெனி ரத்து செய்தால், வேறொரு விமானத்தில் இடம் பெறுவதா, கொடுத்த பணத்தை முழுவதும் திரும்பப் பெறுவதா என்று தீர்மானிக்கும் பாத்தியதை பிரயாணிக்கே உண்டு. ஆனால் நடைமுறையில் அந்த உரிமை, யாரும் பறிக்காமலே, அவருடைய அவசரத்தால் கைநழுவிப் போகிறது. கைப்பேசியில் வரும் செய்தியோ, ஒரே பொத்தானை அழுத்தினால் விவகாரம் தீர்ந்துவிடும் என்பதுபோல் எழுதப்பட்டிருக்கிறது. பதற்றத்தில் அதை அழுத்தியவர், மறுநாள் மாலை விமானத்துக்குத் தாமே சம்மதித்தவராகிவிடுகிறார். இதைவிட விபரீதம் இன்னொன்று உண்டு. விமானம் பறக்காது என்ற வதந்தியைக் கேட்டதும், கம்பெனி அதை முறைப்படி அறிவிப்பதற்கு முன்னரே, பிரயாணி தம் டிக்கெட்டைத் தாமே ரத்து செய்துவிட்டால், அது கம்பெனி செய்த ரத்து ஆகாமல் பிரயாணி செய்த ரத்தாகவே கணக்கில் ஏறி, ரத்துக் கட்டணம் பிடித்தம் செய்யப்பட்டு, சொற்பத் தொகைதான் கைக்கு வரும். ஆகவே கம்பெனியின் அறிவிப்பு எழுத்தில் வரும்வரை பொறுத்திருப்பது மிக அவசியம்.

திரும்ப வரும் பணத்தையும் சிலர் முழுதாகப் பார்ப்பதில்லை. ‘கிரெடிட் ஷெல்’ என்று சொல்லி, தொகையைக் கம்பெனியே தன்னிடம் வைத்துக்கொண்டு, அடுத்த பிரயாணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று ஆசை காட்டுவது ஒரு வழக்கம். அப்படி வைத்துக்கொள்வது பிரயாணி விரும்பினால் மட்டுமே கூடும், கம்பெனி தானாகச் செய்யக்கூடிய காரியம் அன்று என்று விதி தெளிவாகச் சொல்லுகிறது. கடன் அட்டையில் செலுத்தியிருந்தால் ஏழு நாளுக்குள் பணம் திருப்பப்பட வேண்டும். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் டிக்கெட் வாங்கிய அலுவலகத்திலேயே உடனே தரவேண்டும். ஏஜென்ட் மூலம் வாங்கியவரை, "ஏஜென்டிடம் போய்க் கேளுங்கள்" என்று கம்பெனியும், "கம்பெனி இன்னும் அனுப்பவில்லை" என்று ஏஜென்டும் பந்தாடுவது எல்லோரும் அறிந்த காட்சி. ஏஜென்ட் கம்பெனியின் பிரதிநிதியே என்பதால், பணத்தைத் திருப்பும் பொறுப்பு கம்பெனியையே சாரும்.

இனி நஷ்டஈடு. இரண்டு வாரத்துக்கு முன்பே ரத்தை அறிவித்திருந்தாலும், இரண்டு வாரத்துக்குள் ஆனால் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் அறிவித்திருந்தாலும், மாற்று விமானம் அல்லது பணம் என்ற அளவோடு கம்பெனியின் கடமை முடிந்துவிடுகிறது. அவ்விதம் அறிவிக்கத் தவறினால்தான் அதற்கு மேற்பட்ட நஷ்டஈடு எழுகிறது. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது முதல், சேருமிடத்தில் போய் நிற்கும்வரை கணக்கிடப்படும் காலம் ஒரு மணி நேரத்துக்குள் இருந்தால் 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேற்பட்டால் 10,000 என்பது அளவு. கேட்பதற்கு இனிமையாக இருக்கும் இந்தத் தொகைகளின் அடியில் ஒரு முள் இருக்கிறது: இந்தத் தொகையோ, டிக்கெட்டின் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையோ, இரண்டில் எது குறைவோ அதுவே கிடைக்கும். சென்னையிலிருந்து தில்லிக்கு 4,200 ரூபாய் அடிப்படைக் கட்டணத்தில் டிக்கெட் எடுத்தவர், எரிபொருள் கட்டணம் தனியாக இல்லையென்றால், பத்தாயிரத்தை எதிர்பார்த்துப் பிரயோஜனமில்லை. அவருக்கு 4,200 தான். மலிவாகப் பிரயாணம் செய்பவனுடைய நேரமும் மலிவானது என்று விதி வகுத்தவர்கள் எண்ணினார்கள் போலும். இந்த ஏற்பாடு நியாயமானது என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இன்னொரு நுட்பமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. டிக்கெட் பதிவு செய்யும்போது சரியான தொலைபேசி எண்ணையும் மின்னஞ்சல் விலாசத்தையும் கொடுக்காதவருக்கு நஷ்டஈடு கிடையாது. நம் ஊர்களில் ஏஜென்டுகள் பலர் தம்முடைய எண்ணையே எழுதிவிடுகிறார்கள். கம்பெனியின் அறிவிப்பு ஏஜென்டுடைய கைப்பேசிக்குப் போய், அவர் தூங்கி எழுந்து சொல்வதற்குள் பிரயாணி விமான நிலையத்தில் நின்றுகொண்டிருப்பார். டிக்கெட்டை வாங்கியதும் அதில் யாருடைய எண் பதிவாகியிருக்கிறது என்று பார்த்துத் தம்முடையதை எழுதச் செய்வது ஒரு நிமிஷ வேலை.

கம்பெனியின் கட்டுப்பாட்டுக்கு மீறிய காரணங்களால் விமானம் ரத்தானால் நஷ்டஈடு இல்லை. இயற்கை உற்பாதம், கலகம், அரசாங்க உத்தரவு, வேலைநிறுத்தம், பாதுகாப்பு அபாயம், வானிலை, ஆகாயப் போக்குவரத்துக் கட்டுப்பாடு ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடப்பட்டபோதும், 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதை நீரில் மூழ்கியபோதும் நஷ்டஈடு கேட்டிருந்தால் அது நியாயமாகாது. ஆயினும் புயலும் வெள்ளமும் நஷ்டஈட்டைத்தான் விழுங்குமே தவிர, டிக்கெட் பணத்தை விழுங்கமாட்டா. பறக்காத விமானத்துக்கு வாங்கிய கட்டணம் திரும்பி வரத்தான் வேண்டும்.

சங்கடம் எங்கே நேர்கிறதென்றால், வானம் நிர்மலமாக இருக்கும் நாளிலும், "செயல்பாட்டுக் காரணங்களால்" என்ற பொருள் விளங்காத சொற்றொடரைப் போட்டுக் கம்பெனி தப்பித்துக்கொள்ளப் பார்க்கும்போதுதான். விமானி வரவில்லை, யந்திரம் பழுது, முந்தைய விமானம் வந்து சேரவில்லை என்பவையெல்லாம் மேற்சொன்ன விலக்குப் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டவை அல்ல. ஆதலால், காரணம் என்னவென்று எழுத்தில் தரும்படி கேட்பது முதல் வேலை. வாயால் சொல்லிவிட்டுக் கையெழுத்துக்குத் தயங்கினால், அதே நேரத்தில் அதே நகரத்துக்கு மற்றக் கம்பெனியின் விமானம் புறப்பட்டதா என்று அறிவிப்புப் பலகையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். வானிலைதான் காரணம் என்று பின்னால் சாதிப்பவருக்கு அந்தப் படம் ஒன்றே பதில். மாற்று விமானத்துக்காகக் காத்திருக்கும் வேளைக்கு உணவும் சிற்றுண்டியும், இரவு தங்க நேர்ந்தால் ஹோட்டலும் அங்கே போய்வர வண்டியும் கம்பெனியின் செலவே. அவர்களாக அழைத்துக் கொடுப்பார்கள் என்று காத்திராமல் கேட்க வேண்டும். மறுத்தால், சொந்தச் செலவின் ரசீதுகளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள், சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக, மதுரையிலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட்டும் சென்னையிலிருந்து அப்பால் வேறு கம்பெனியில் இன்னொரு டிக்கெட்டுமாக வாங்குவதுண்டு. முதல் விமானம் ரத்தாகி இரண்டாவது தவறிப்போனால், இரண்டாவது கம்பெனிக்கு அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. முதல் கம்பெனியோ தன் டிக்கெட்டுக்கு மட்டுமே பதில் சொல்லும். இரண்டு பிரயாணமும் ஒரே பி.என்.ஆர். என்னும் பதிவு எண்ணில் இருந்தால்தான் தொடர்ச்சி என்ற பேச்சுக்கே இடமுண்டு. குறிப்பிட்ட தேதியில் வேலையில் சேரவேண்டியவருக்கு அந்தச் சில நூறு ரூபாய் மிகவும் விலை உயர்ந்த சேமிப்பாக முடியலாம்.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்களுக்கு அனுகூலம் சற்று அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் வருஷத்து 261-ஆம் எண் ஒழுங்குவிதி, ஐரோப்பாவிலிருந்து புறப்படும் எந்தக் கம்பெனியின் விமானத்துக்கும், ஐரோப்பாவுக்கு வரும் ஐரோப்பியக் கம்பெனியின் விமானத்துக்கும் பொருந்தும். பிரயாணி எந்த நாட்டவர் என்பது பிரச்சனையே இல்லை. ஆகவே சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்கு லுப்தான்சாவில் செல்பவருடைய விமானம், தக்க விலக்குக் காரணமின்றிக் கடைசி நேரத்தில் ரத்தானால், இந்தியாவிலேயே நஷ்டஈடு பெற்றிருந்தாலொழிய, 600 யூரோ வரை கேட்கலாம். வளைகுடாக் கம்பெனி ஒன்றில் அதே ஊருக்குப் போகிறவர் கேட்க முடியாது, திரும்பி வரும்போது மட்டும் கேட்கலாம். ஐஸ்லாந்தின் எரிமலைச் சாம்பல் 2010-இல் ஐரோப்பிய ஆகாயத்தையே மூடிவிட்ட சமயத்திலும், உணவும் தங்குமிடமும் தரும் கடமையிலிருந்து கம்பெனி விடுபடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது.

இவையெல்லாம் கம்பெனி உயிரோடு இருக்கும்வரை செல்லும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும், 2023 மே மாதத்தில் கோ பர்ஸ்ட்டும் பறப்பதை நிறுத்தியபோது, முன்பணம் கட்டிய பிரயாணிகள் கடன்காரர்களின் நீண்ட வரிசையில், பாங்குகளுக்கெல்லாம் பின்னால், போய் நின்றார்கள். அப்படிப்பட்ட வேளையில், கடன் அட்டையில் செலுத்தியவருக்கு ஒரு வழி மிஞ்சுகிறது: கிடைக்காத சேவைக்குப் பிடித்த பணத்தைத் திரும்பத் தருமாறு தம் பாங்கிடம் ‘சார்ஜ்பேக்’ விண்ணப்பம் கொடுப்பது. அதற்குக் கெடு உண்டாகையால் தாமதிக்கலாகாது.

முறையீடு முதலில் கம்பெனிக்கே போகவேண்டும், தொலைபேசியில் அன்று, மின்னஞ்சலில். விமான எண், பி.என்.ஆர். எண், ரத்துச் செய்தி வந்த நேரம், கேட்கும் தொகை ஆகியவற்றை எழுதி, கம்பெனியில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கும், அவர் திருப்திகரமாகப் பதில் சொல்லாவிட்டால் அதன் மேல்முறையீட்டு அதிகாரிக்கும் அனுப்ப வேண்டும். இவர்களுடைய விலாசத்தைக் கம்பெனி தன் இணையதளத்தில் வெளியிட்டிருக்கும். அடுத்தது, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ‘ஏர்சேவா’ என்னும் புகார்த் தளம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்லலாம். இவற்றால் பெரும்பாலும் டிக்கெட் பணம் வந்துவிடும். மன உளைச்சலுக்கும் மற்றச் செலவுக்கும் பரிகாரம் வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குத்தான் போகவேண்டும்.

கம்பெனியின் தலைமை அலுவலகம் குருகிராமில் இருக்கட்டும், மும்பையில் இருக்கட்டும், 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரகாரம் பிரயாணி தாம் வசிக்கும் ஜில்லாவிலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்ச ரூபாய்க்கு மேற்படாவிட்டால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டுமென்ற நிர்ப்பந்தமும் இல்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தபடியே பதிவு செய்யலாம். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. கம்பெனி பதில் போடும் என்று நம்பிக் கடிதம் மேல் கடிதமாக எழுதிக்கொண்டிருந்தாலும் அந்த அவகாசம் நீளுவதில்லை.