விண்மீன் நோக்கிக் கலஞ் செலுத்துவோர் கூடிய விழா

பசிபிக் சமுத்திரத்திலே ஒன்றுக்கொன்று ஆயிரக்கணக்கான மைல் தொலைவிற் கிடக்கும் தீவுகளில், ஒரே மொழிக்குடும்பத்தைச் சேர்ந்த பொலினீசிய மக்கள் வாழ்கின்றனர். திசைகாட்டும் கருவி ஒன்றுமின்றி அவர்தம் முன்னோர் அங்கே சென்றது எவ்வாறு? காற்றும் நீரோட்டமும் அடித்துச் செல்லத் தொலைதூரத் தீவுகளில் தற்செயலாகவே கரையேறினர் என அந்துரூ சார்ப் என்பார் 1956 ஆம் ஆண்டில் நூலெழுதினார். அக்கூற்றுக்குத் தக்க விடை கடலிலேயே கிடைத்தது.

1995 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, தாகித்திக்கு வடமேற்கிலுள்ள ராயதேயாத் தீவில், தபுதபுவாதேயா என்னும் பழைய வழிபாட்டுத் தலத்தின் முன்னே, ஹவாய், நியூசிலாந்து, குக் தீவுகள் முதலிய இடங்களின் இரட்டைத் தோணிகள் வந்து கூடின. அவற்றை நடத்தியோர் பண்டை முறைப்படி விண்மீன் நோக்கி வழியறியப் பயின்றவர்கள். கற்றளம் பாவிய அத்திறந்தவெளித் தலம் முன்னாளிற் பல தீவினரும் கூடிய இடமாகும். பூசலொன்றினால் அக்கூட்டுறவு முறிந்து, அவ்விடத்தின்மீது விலக்கொன்று விழுந்ததென்பது மரபு. அவ்விலக்கு 1995 இல் நிகழ்ந்த சடங்கிலே நீக்கப்பட்டது. பின்னர்த் தோணிகள் பல நுக்கு ஹீவாத் தீவிலிருந்து ஹவாய் நோக்கிப் பாய்விரித்தன.

அவர்கள் பயின்ற கலையின் இயல்பை ஈண்டுச் சிறிது விளக்குவாம். ஒரு விண்மீன் தான் உதிக்கும் இடத்தை ஆண்டு முழுவதும் மாற்றுவதில்லை. உதிக்கும் நேரமே நாடோறும் ஏறக்குறைய 4 நிமிடம் முந்தும். ஆகவே, மீன்களின் இடங்களை மனத்திற் பதித்தவனுக்கு அடிவானமே திசைகாட்டியாகின்றது. ஹவாய் மாலுமிகள் அதனை 32 இல்லங்களாக வகுப்பர். அடிவானத்தை ஒட்டி நிற்கும் மீனே திசையை நன்கு காட்டும். அது மேலெழுந்தவுடன், அதே இல்லத்தில் உதிக்கும் அடுத்த மீனைப் பற்றவேண்டும். முகில் மூடிய இரவிலே, நெடிய அலைகள் தோணியை எப்பக்கத்தில் அசைக்கின்றன என்பதை உடலால் உணர்ந்து செல்வர்.

வடக்குத் தெற்காக வந்த தொலைவை மீன்களின் உயரத்தால் அறியலாம். துருவமீன் யாழ்ப்பாணத்தில் அடிவானத்துக்கு மேல் ஏறக்குறைய 10 பாகையிலும், ஹவாயில் ஏறக்குறைய 20 பாகையிலும் நிற்கும். தென்சிலுவை நிமிர்ந்து நிற்கையில் அதன் மேல்மீனுக்கும் கீழ்மீனுக்கும் இடையே 6 பாகை உண்டு. கீழ்மீன் அடிவானத்தின்மேல் அதேயளவு உயர்ந்து நின்றால், தோணி ஹவாயின் அகலக்கோட்டை அடைந்ததென அறிவர். நாம் சோதி என்றும் சுவாதி என்றுங் கூறும் மீன் ஹவாய்த் தீவின் உச்சியை ஒட்டிச் செல்லும். ஹோக்குலேயா, அஃதாவது களிப்பின் மீன், என்பது அதற்கு அம்மக்கள் இட்ட பெயர். சிரியசு என்னும் பேரொளி மீனோ ராயதேயாவின் உச்சியைக் கடக்கும்.

கிழக்கு மேற்காக வந்த தொலைவை எந்த மீனும் இவ்வாறு உணர்த்தாது. வேகத்தையும் நாட்களையும் மனத்திலேயே கணக்கிட்டு வரல் வேண்டும். ஆதலின், ஹவாய்க்கு மீள்வோர் வேண்டுமென்றே தீவுக்குக் கிழக்கே சென்று, உரிய அகலக்கோட்டை அடைந்தபின் காற்றின்வழி மேற்கே திரும்புவர். மாலையிற் கரைநோக்கிப் பறக்கும் வெள்ளை ஆலாக்கள் எஞ்சிய வழியைக் காட்டும்.

இத்துணை நுட்பம் வாய்ந்த கலை ஹவாயில் முற்றாக மறைந்திருந்தது. 1973 ஆம் ஆண்டிலே அங்கு நிறுவப்பெற்ற பொலினீசியக் கடலோடிகள் சங்கத்தார் ஹோக்குலேயா என்னும் தோணியைக் கட்டினர். ஆயினும் அதற்கு வழிகாட்ட அந்நாட்டில் ஒருவரும் இலர். மைக்ரோனீசியாவிலுள்ள சதவால் என்னும் சிறுதீவிலிருந்து மௌ பியைலுக் என்பாரை அழைத்தனர். பாட்டனாரிடம் இளமையிலேயே பயின்ற அவர், 1976 மே 1 ஆம் நாள் மவுயித் தீவிலிருந்து புறப்பட்ட தோணியை, கருவியெதுவுமின்றி, யூன் 4 ஆம் நாள் தாகித்தியிற் சேர்த்தார்.

அக்காலத்திற் சதவால் இளைஞரும் இக்கலையில் ஆர்வங் குன்றி வந்தனர். தம்மோடு அது மறையக்கூடாதெனக் கருதிய மௌ, தம்மவர் சிலர் குறைகூறியும் பொருட்படுத்தாது, பிற தீவினர்க்குங் கற்பித்தார். அவரிடம் பயின்ற நைநோவா தொம்சன் 1980 இல் தாகித்திக்குச் சென்று மீண்டார். ராயதேயாவிற் கூடிய ஹவாய்த் தோணிகளை நடத்தியோர் அவ்வழி வந்தவரே. ஓராசிரியர் கை நெகிழ்ந்து கொடுத்த கல்வி, இருபது ஆண்டுகளுள் ஒரு கடற்படையாகத் திரண்டது. மௌ 2010 இல் மறைந்தார்; கலை மறையவில்லை.

நம்மவர்க்கும் இதிற் படிப்பினை உண்டு. வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளோஸ்டர்த் துறையை அடைந்தது. அவ்வூர் மாலுமிகள் அதிற் சென்றனர். நம் கரையோரத் தண்டையல்மார் வானத்தைக் கண்டு கடலோடிய அறிவும் பெரும்பாலும் வாய்மொழியாகவே வந்தது. கடற்கரை ஊர்களிற் பிறந்து நம் கல்லூரியிற் பயின்றோர், முதியோரை அணுகி, அவர் நினைவிலுள்ள மீன்பெயர்களையும் காற்றுக் குறிகளையும் கேட்டெழுதி வைப்பாராயின், அது பின்வருவோர்க்குச் செய்யும் பெருங்கைம்மாறாகும்.