நாவலப்பிட்டி: தலையை எண்ணினார்கள், வாக்கை எண்ணவில்லை

எங்கள் தாத்தா வாழ்நாளில் பாராளுமன்றத்துக்கு ஒரு தடவைதான் வாக்களித்தார். அது 1947ஆம் ஆண்டு, நாவலப்பிட்டித் தொகுதியில். நகரத்துக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலையாட்கள் கூட்டமாக நடந்து இறங்கிப் போய் வாக்குப் போட்டுவிட்டு வந்ததாக அப்பாயி சொல்லுவார். அப்பாயி அப்போது சின்னப் பிள்ளை. கலியாணம் முடித்து வந்த பிறகு தாத்தா திரும்பத் திரும்பச் சொன்ன கதையைத்தான் எங்களுக்கும் சொன்னார். தாத்தா 1977 ஆகஸ்ட் வன்முறைக்குப் பிறகு குடும்பத்தோடு கிளிநொச்சிக்கு வந்தார். 1996 இடப்பெயர்வில் காலமானார். அதுவரை அவருடைய பெயர் எந்தத் தேருநர் இடாப்பிலும் மறுபடி ஏறவில்லை.

வன்னியில் இப்படியான குடும்பங்கள் ஏராளம். மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து, காடு வெட்டிக் குடியேறி, கடைசியில் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்கள். யுத்தத்தைப் பற்றிப் பேசும்போது எங்களுடைய கதை 1983இலோ 2009இலோ தொடங்குவதாக எழுதிவிடுகிறோம். எங்கள் வீட்டுக் கதை ஒரு வாக்காளர் இடாப்பில் தொடங்குகிறது. கடந்த பாராளுமன்றத் தேர்தலுக்குப் பிறகு கண்டிக்குப் போய், அங்கிருந்து பேராதனை, கம்பளை வழியாக ரயிலில் நாவலப்பிட்டிக்குப் போனது அதனால்தான்.

நாவலப்பிட்டி கண்டி மாவட்டத்தின் தெற்கு மூலையில், மகாவலி ஓரமாக இருக்கிற ரயில் ஊர். இதற்குப் பிறகு பாதை ஹட்டன் பக்கம் ஏறத் தொடங்கும். கடைத்தெருவில் மூன்று இனத்தவரும் இருக்கிறார்கள். மலைகளில் தோட்டங்கள், பள்ளத்தாக்கில் சிங்களக் கிராமங்கள். இந்த ஊரின் தேர்தல் வரலாற்றை விளங்கிக்கொள்ள இந்த நில அமைப்பு ஒன்றே பாதி போதும்.

1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது தோட்டத் தமிழர்களுக்கும் நிபந்தனைகளோடு அது கிடைத்தது. அந்த வருடமே ஹட்டன் தொகுதியிலிருந்து பெரி சுந்தரம் அரசாங்க சபைக்குப் போய் தொழில் அமைச்சரானார். 1936இல் ஹட்டனிலிருந்து கோ. நடேசய்யர் போனார். பின்னர் சோல்பரி அரசியலமைப்பின் கீழ் 1947 ஆகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் நடந்த முதலாவது பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜீ. ஆர். மோத்தா, பதுளையில் எஸ். எம். சுப்பையா, அலுத்நுவரவில் டி. இராமானுஜம். ஏழாவது ஆள் நாவலப்பிட்டியில் வென்ற கே. இராஜலிங்கம். 'மலையக காந்தி' என்று பலரும் அழைத்தவர். தாத்தா வாக்குப் போட்டது அவருக்குத்தான்.

அன்று தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் 95 பேர். அதில் ஏழு என்பது சிறிய எண்ணிக்கை போலத் தெரியலாம். ஆனால் தோட்டத் தொழிலாளர்களின் வாக்கு அந்த ஏழு தொகுதிகளோடு நிற்கவில்லை. காங்கிரஸ் போட்டியிடாத பல தொகுதிகளில் அது இடதுசாரி வேட்பாளர்களுக்குப் போனது. ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கத்துக்கு இதுதான் கூடுதலாக உறுத்தியது என்பது என்னுடைய எண்ணம்.

அடுத்து நடந்தது வாசகர்கள் பலருக்குத் தெரிந்த கதை. ஆனாலும் அதன் பொறிமுறையைப் பார்க்க வேண்டும். மூன்று சட்டங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், நீ இங்கே பிறந்தாய் என்பது போதாது, உன் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. லயத்தில் பிறந்த எத்தனை பேரிடம் தகப்பனுடைய பிறப்புச் சான்றிதழ் இருந்திருக்கும்? 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், தொடர்ச்சியாக ஏழு வருடம் அல்லது பத்து வருடம் வசித்ததை நிரூபித்து விண்ணப்பிக்கச் சொன்னது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. பதினைந்து வருட விசாரணைகளின் முடிவில் ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர். மூன்றாவது, 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரஜை அல்லாதவரின் பெயர் தேருநர் இடாப்பில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். தாத்தாவின் பெயரை வெட்டியது இந்த மூன்றாவது சட்டம்.

யாழ்ப்பாணத்திலிருந்து இதை வாசிப்பவர்கள் ஒரு விடயத்தையும் மறக்க வேண்டாம். 1948 டிசம்பரில் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமூலம் வந்தபோது ஜீ. ஜீ. பொன்னம்பலம் அரசாங்கத்தின் பக்கம் நின்று ஆதரவாக வாக்களித்தார். அந்தப் பிளவிலிருந்துதான் 1949 டிசம்பரில் செல்வநாயகத்தின் தமிழரசுக் கட்சி பிறந்தது. வடக்கின் அரசியல் வரலாற்றில் நாவலப்பிட்டிக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது.

நீதிமன்றத்துக்கும் போய்ப் பார்த்தார்கள். கண்டிக்குப் பக்கத்து மாவட்டமான கேகாலையின் ருவன்வெல்லத் தொகுதியில் தன் பெயரைப் பதிய மறுத்ததற்கு எதிராகக் கோடாக்கன் பிள்ளை என்பவர் வழக்காடினார். சிறுபான்மையினருக்குப் பாரபட்சம் காட்டும் சட்டங்களைத் தடுக்கும் 29ஆம் பிரிவுதான் அவருடைய வாதத்தின் அடிப்படை. உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 1953இல் லண்டனில் கோமறைக் கழகமும் அதை உறுதி செய்தது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்குரிய அதிகாரம் என்பது தீர்ப்பின் சாரம். சட்டத்தின் சொற்களில் 'இந்தியத் தமிழர்' என்ற பெயர் குறிவைக்கப்பட்டதாக எங்கும் இல்லை. அதுதான் அந்தச் சட்டத்தின் கெட்டித்தனம்.

இனித்தான் அதிகம் பேசப்படாத பகுதி வருகிறது. சோல்பரி யாப்பில் ஆசனங்கள் எப்படிப் பங்கிடப்பட்டன? ஒவ்வொரு மாகாணத்துக்கும் 75,000 பேருக்கு ஒன்று, அதோடு ஆயிரம் சதுர மைலுக்கு ஒன்று. 75,000 வாக்காளர்கள் அல்ல, 75,000 ஆட்கள். தோட்டத் தமிழர்களின் வாக்கு பறிபோன பிறகும் அவர்களின் தலைகள் இந்தக் கணக்கில் இருந்தன. தாத்தாவும் அவருடைய லயத்தில் இருந்தவர்களும் மத்திய மாகாணத்துக்கு ஆசனங்களைத் தேடிக் கொடுத்தார்கள். அந்த ஆசனங்களுக்கு ஆளைத் தெரிவு செய்தவர்கள் பள்ளத்தாக்கின் கிராமத்தவர்கள். தோட்டங்கள் நிறைந்த ஒரு தொகுதியில் கொஞ்ச வாக்குகளோடு ஒருவர் பாராளுமன்றம் போக முடிந்தது. கண்டிச் சிங்களக் கிராமங்களின் வாக்குக்கு நாட்டின் மற்றப் பகுதிகளை விடக் கூடுதல் எடை கிடைத்தது. பறித்தவர்களுக்கு இதில் இரட்டை இலாபம். அந்த எடையைத் திருப்பிக் கொடுக்க அதன்பின் வந்த எந்த அரசாங்கமும் அவசரப்படவில்லை.

1952 தேர்தலில் மலையகத் தமிழர் ஒருவர் கூடத் தெரிவாகவில்லை. 1960இலிருந்து நியமன உறுப்பினராக ஓரிருவர் போனார்கள். 1964 ஒக்ரோபர் 30ஆம் திகதி சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். அப்பாயியின் தங்கை திருச்சிக்குப் போனது அந்தக் கணக்கில்.

1977இல் நுவரெலியா மஸ்கெலியா என்ற மூன்று அங்கத்தவர் தொகுதியில் மூன்றாவதாக வந்து தொண்டமான் மறுபடி பாராளுமன்றம் போனார். முப்பது வருட இடைவெளி. ஆனால் அது நுவரெலியா. கண்டி மாவட்டத் தோட்டங்களுக்கு அப்படி ஒரு வழி இருக்கவில்லை. அந்தத் தேர்தல் முடிந்து ஒரு மாதத்துக்குள் வன்முறை வந்தது. எங்கள் வீட்டார் பஸ் ஏறினார்கள்.

1978 யாப்பு தொகுதிகளைக் கலைத்து மாவட்டங்களாக்கியது. நாவலப்பிட்டி இப்போது கண்டித் தேர்தல் மாவட்டத்தின் பதின்மூன்று வாக்கெடுப்புப் பிரிவுகளில் ஒன்று. மாவட்டத்துக்கு 12 ஆசனங்கள். நாடு முழுவதும் 160 ஆசனங்கள் பதிவு செய்யப்பட்ட வாக்காளர் தொகையின்படியும், 36 ஆசனங்கள் மாகாணத்துக்கு நான்காகவும் பங்கிடப்படுகின்றன. அதாவது இப்போது எண்ணப்படுவது தலை அல்ல, இடாப்பில் உள்ள பெயர். அதற்குள் பெயர் ஏற 1986, 1988, 2003 என்று மூன்று சட்டங்கள் தேவைப்பட்டன. அப்பாயிக்குக் கிடைத்தது 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தால்.

அவர் முதல் வாக்குப் போட்டது 2010 ஏப்ரல் 8ஆம் திகதி. நானும் அன்றுதான். முகாமிலிருந்து வெளியே வந்து ஐந்து மாதம். அடையாள அட்டை தொலைந்து போய், தேர்தலுக்கென்று தந்த தற்காலிகக் காகிதத்தோடு வவுனியாவில் வரிசையில் நின்றோம். அப்பாயிக்கு வயது 74. அதே நாளில் நாவலப்பிட்டியில் வன்முறை. அங்கே 37 வாக்கெடுப்பு நிலையங்களின் வாக்கெடுப்பைத் தேர்தல் ஆணையாளர் இரத்துச் செய்தார். ஏப்ரல் 20ஆம் திகதி மீள்வாக்கெடுப்பு நடந்தது. கண்டி மாவட்டத்தில் ஐக்கிய தேசியக் கட்சிப் பட்டியலில் நின்ற மனோ கணேசன் தெரிவாகவில்லை. இந்தச் செய்தியை வானொலியில் கேட்டபோது, அந்த ஊர்தான் தாத்தா வாக்குப் போட்ட ஊர் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஊடகக் கற்கைகள் படிக்கப் போன பிறகுதான் தேடிப் பார்த்தேன்.

2015இல் தமிழ் முற்போக்குக் கூட்டணியின் வேலு குமார் 62 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விருப்பு வாக்குகளோடு கண்டியிலிருந்து தெரிவானார். 2020இல் 57 ஆயிரத்துக்கும் மேல் பெற்று மறுபடி போனார். 2024 நவம்பரில் கண்டியிலிருந்து போன பன்னிரண்டு பேரில் ஒரு தமிழரும் இல்லை.

ஏன்? நாவலப்பிட்டியில் நான் சந்தித்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "நம்ம ஆளுங்களே நம்ம ஆளுக்குப் போடல புள்ள" என்றார். அதில் உண்மை இருக்கிறது. நான் பேசிய இளைஞர்கள் பலர் திசைகாட்டிக்குப் போட்டதாகச் சொன்னார்கள். பழைய தலைமைகள் மீது அவர்களுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. தமிழ் வேட்பாளர்களும் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்களில் பிரிந்து நின்றார்கள். ஆனால் கணக்கையும் பாருங்கள். 2020இல் ஐக்கிய மக்கள் சக்திக்குக் கண்டியில் நான்கு ஆசனங்கள். அந்த நால்வரில் ஒருவராக வர ஒரு சமூகத்தின் திரண்ட விருப்பு வாக்குப் போதுமாக இருந்தது. 2024இல் தேசிய மக்கள் சக்தி ஒன்பதை எடுக்க, அதே கட்சிக்கு மிஞ்சியது இரண்டு. வென்ற கட்சியின் ஒன்பது பேருக்குள் வரத் தமிழ்ப் பெயர் ஒன்றுக்குச் சிங்கள வாக்காளர்களின் விருப்பு வாக்கும் வேண்டும். மூன்று விருப்பு வாக்குகளில் ஒன்றையாவது கேட்டு எந்தக் கட்சியும் கிராமத்துக்குப் போனதாக எனக்கு யாரும் சொல்லவில்லை.

கண்டி மாவட்டத்தில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் 2012 குடிசன மதிப்பீட்டின்படி சேர்த்து பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். பன்னிரண்டில் ஒன்று என்பது யாரும் போடும் பிச்சை அல்ல, கணக்குப்படி வர வேண்டிய பங்கு.

அடுத்த சண்டை எல்லைகளைப் பற்றியது. மத்திய மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. 2017இல் கொண்டுவந்த கலப்பு முறைக்காகத் தயாரித்த எல்லை நிர்ணய அறிக்கையைப் பாராளுமன்றம் 2018 ஆகஸ்டில் நிராகரித்தது. அதற்குப் பிறகு மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. விருப்பு வாக்கை ஒழித்துத் தொகுதிக்கு ஒருவரைக் கொண்டுவர வேண்டும் என்பது தெற்கில் எல்லோருக்கும் பிடித்த பேச்சு. கேட்க நல்லது. ஆனால் கண்டியில் தோட்டங்கள் நாவலப்பிட்டி, கம்பளை, ஹேவாஹெட்ட, உடுதும்பறை என்று சிதறிக் கிடக்கின்றன. எந்த மலையை எந்தப் பள்ளத்தாக்கோடு சேர்த்துக் கோடு போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பல அங்கத்தவர் தொகுதி ஒன்றைக் கேட்பதா, முஸ்லிம்களோடு பேசி ஒரு பொது நிலைப்பாட்டுக்கு வருவதா என்று மலையகக் கட்சிகள் இப்போதே தீர்மானிக்க வேண்டும். எல்லை நிர்ணய ஆணைக்குழு உட்கார்ந்த பிறகு மகஜர் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

திரும்பி வரும்போது ரயிலில் இருந்து அப்பாயிக்குப் போன் எடுத்தேன். ஊர் எப்படி இருக்கிறது, ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா, சந்தைப் பக்கம் போனாயா என்றெல்லாம் கேட்டார். பிறகு, "இப்ப நாவலப்பிட்டிக்கு யாரு மெம்பரு?" என்றார்.

"நாவலப்பிட்டிக்குன்னு தனியா இல்ல அப்பாயி. கண்டிக்குப் பன்னெண்டு பேரு."

"பன்னெண்டு பேரா? அதுல நம்மாளு எத்தன?"

கம்பளை வந்துவிட்டது, சத்தம் கேட்கவில்லை, பிறகு எடுக்கிறேன் என்று சொன்னேன்.