0.7 கிராமுக்கு 9 ஆண்டு சிறை... லீக் கொடுத்ததோ முழுச் சம்பளம்! போதைப்பொருள் வழக்கில் வீரர்கள் சிக்கினால் என்ன நடக்கும்?

2022 பிப்ரவரி 17. மாஸ்கோவின் ஷெரமெட்யெவோ விமான நிலையம். அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் பிரிட்னி கிரைனரின் பெட்டியைச் சோதித்த சுங்க அதிகாரிகள், வேப் கருவியில் பொருத்தும் சின்னக் குப்பிகளை எடுத்தார்கள். உள்ளே இருந்தது கஞ்சா எண்ணெய். மொத்த எடை 0.702 கிராம். இரண்டு சிட்டிகை உப்புக்கு மேல் தேறாது.

அதற்கு ரஷ்ய நீதிமன்றம் கொடுத்த தண்டனை, 9 ஆண்டு சிறை, 10 லட்சம் ரூபிள் அபராதம்.

கிரைனர் அப்போதே இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்தவர். வலிக்காக, அமெரிக்காவில் அரிசோனா மாநில மருத்துவரின் பரிந்துரையுடன்தான் கஞ்சாவைப் பயன்படுத்தினார். ரஷ்யாவில் அந்தச் சீட்டு செல்லாது. "அவசரத்தில் பெட்டி கட்டும்போது வந்துவிட்டது, சட்டத்தை மீறும் எண்ணம் இல்லை" என்று குற்றத்தை ஒப்புக்கொண்டே சொன்னார். தண்டனை குறையவில்லை, அக்டோபரில் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

அவர் ரஷ்யாவுக்குப் போனதே சம்பளத்துக்காகத்தான். அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏ-வில் அவருக்கு ஆண்டுக்கு சுமார் 2.28 லட்சம் டாலர். சீசன் இல்லாத மாதங்களில் யெகாதெரின்பர்க் அணிக்கு ஆடினால், அதைவிடப் பல மடங்கு கிடைத்தது.

அவருடைய லீக் என்ன செய்தது? சஸ்பெண்ட் செய்யவில்லை. 2022 சீசனுக்கு முழுச் சம்பளம் கொடுத்தது. அவருக்குப் பதில் வேறு வீராங்கனையை எடுத்துக்கொள்ள அணிக்குச் சலுகை தந்தது. 12 அணிகளின் ஆடுகளங்களிலும் அவர் பெயரின் முதலெழுத்துகளையும் 42 என்ற ஜெர்சி எண்ணையும் ஒட்டியது. டிசம்பர் 8-ம் தேதி, ஆயுத வியாபாரி விக்டர் பூட்டை ரஷ்யாவிடம் ஒப்படைத்து, கிரைனரை மீட்டது அமெரிக்க அரசு. அடுத்த சீசனிலேயே களத்தில் இறங்கிவிட்டார்.

புகழ் இருந்ததால்தான் இவ்வளவும் என்று சொல்லத் தோன்றும். அது முழுக்கத் தவறும் இல்லை. அதே விமான நிலையத்தில் ஆறு மாதம் முன்பு, சுமார் 17 கிராம் மருத்துவக் கஞ்சாவுடன் சிக்கியவர் அமெரிக்க ஆசிரியர் மார்க் ஃபோகல். தண்டனை 14 ஆண்டு. அவர் வீடு திரும்பியது 2025 பிப்ரவரியில்.

கோர்ட் கேட்பது ஒன்று, லீக் கேட்பது வேறொன்று

கையில் என்ன இருந்தது, எத்தனை கிராம், எந்த நாட்டு மண்ணில்? நீதிமன்றத்துக்குத் தேவை இவ்வளவுதான். விளையாட்டு அமைப்புக்கோ, உடம்பில் என்ன இருக்கிறது, அது போட்டி நேரத்திலா என்பதுதான் முதல் கேள்வி.

உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான 'வாடா'வின் விதிப்படி, தடை செய்யப்பட்ட பொருளைக் கையில் வைத்திருப்பதும் குற்றமே. ஆனால் கஞ்சா, கொக்கைன், ஹெராயின் மூன்றுக்கும் போட்டிக் காலத்தில் மட்டும்தான் தடை. சீசன் முடிந்து வீட்டில் கஞ்சாவோடு ஒரு வீரர் மாட்டினால், போலீஸுக்கு அது வழக்கு. வாடா விதியில் குற்றமில்லை.

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 2021 ஜூனில் அமெரிக்காவின் ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்தை வென்றார் ஷகாரி ரிச்சர்ட்சன். பெற்ற தாய் இறந்த செய்தி அந்த நாட்களில்தான் வந்தது. துக்கத்தில் கஞ்சா புகைத்தேன் என்றார். போட்டி நடந்த ஆரிகன் மாநிலத்தில் அது சட்டப்படி குற்றமே இல்லை. போலீஸ் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ஊக்கமருந்து சோதனையில் சிக்கியதால் ஒரு மாதத் தடை விழுந்தது. டோக்கியோ ஒலிம்பிக் கைநழுவிப் போனது.

ஒரு மாதத்தோடு நின்றதற்கு 2021-ல் வந்த விதிதான் காரணம். போட்டிக்கு வெளியே, ஆட்டத்தோடு தொடர்பில்லாமல் எடுத்தது என்று நிரூபித்தால் மூன்று மாதத் தடை. சிகிச்சைத் திட்டத்தை முடித்தால் ஒரு மாதம். ரபாடா நினைவிருக்கிறதா? 2025 ஐபிஎல் நடுவே குஜராத் அணியை விட்டு ஊருக்குப் போனாரே, அவரும் இந்த வழியில்தான் ஒரு மாதத்தில் திரும்பினார். ஜூனில் லார்ட்ஸில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியில் 9 விக்கெட் எடுத்தார்.

கேஸ் முடிந்தாலும் தண்டனை உண்டு

2014 ஆகஸ்டில் பிட்ஸ்பர்க் அருகே ஒரு காரில் கஞ்சாவுடன் பிடிபட்டார்கள் அமெரிக்கக் கால்பந்து வீரர்கள் லிவியான் பெல், லகாரெட் பிளவுன்ட். பிளவுன்ட் சமூக சேவை செய்து வழக்கிலிருந்து வெளியே வந்தார். காரை ஓட்டிய பெல்லும் நன்னடத்தைக் கண்காணிப்போடு தப்பினார். சிறை இல்லை. என்எஃப்எல் விடவில்லை. அடுத்த சீசனில் பிளவுன்ட்டுக்கு ஒரு போட்டி, பெல்லுக்கு முதலில் மூன்று, அப்பீலுக்குப் பிறகு இரண்டு போட்டித் தடை. போட்டிக்குப் போட்டி சம்பளம் என்பதால் பர்ஸிலும் அடி. லீக்கின் நன்னடத்தை விதிப்படி, கோர்ட்டில் குற்றம் நிரூபணமாகாவிட்டாலும் நடவடிக்கை எடுக்கலாம்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. கஞ்சா சோதனையில் சிக்கியதற்காக மட்டும் தடை இல்லை என்று 2020-ல் என்எஃப்எல் ஒப்பந்தம் எழுதியது. 2023-ல் என்பிஏ, தடைப் பட்டியலிலிருந்தே கஞ்சாவை நீக்கியது. இதெல்லாம் லீக்குகள் மனமிரங்கிக் கொடுத்த தானம் இல்லை. வீரர் சங்கங்கள் மேஜையில் உட்கார்ந்து பேரம் பேசி வாங்கியவை.

நம்மூரில் எப்படி?

பேரம் பேச ஆளில்லை என்பதுதான் இங்கே சிக்கல். இந்திய கிரிக்கெட்டில் பிசிசிஐ அங்கீகரித்த சங்கம், ஓய்வுபெற்ற வீரர்களுக்கானது.

2013 மார்ச்சில், சண்டிகர் அருகே ஜிரக்பூரில் 26 கிலோ ஹெராயினைப் பிடித்தது பஞ்சாப் போலீஸ். ஒலிம்பிக் பதக்கம் வென்ற குத்துச்சண்டை வீரர் விஜேந்தர் சிங் சுமார் 12 முறை போதைப்பொருள் எடுத்திருக்கிறார் என்று போலீஸே அறிக்கை விட்டது. அவர் மறுத்தார். போட்டி இல்லாத நேரத்தில் ஹெராயினுக்குச் சோதிக்க வாடா விதியில் இடமில்லை என்றது தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை. விளையாட்டு அமைச்சகமோ, சோதித்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. சோதித்தார்கள். மே மாதம் முடிவு வந்தது: எதுவும் இல்லை. அதற்குள் இரண்டு மாதம் அவர் பெயர் தலைப்புச் செய்திகளில் ஓடியிருந்தது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 1985-ம் ஆண்டின் என்டிபிஎஸ் சட்டம் வீரர், ரசிகர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறது. கஞ்சா என்றால் ஒரு கிலோ வரையும், ஹெராயின் என்றால் 5 கிராம் வரையும் 'சிறிய அளவு': ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'வணிக அளவு', அதாவது கஞ்சா 20 கிலோ, ஹெராயின் 250 கிராம் என்று போனால், குறைந்தது 10 ஆண்டு சிறை. ஜாமீன் கிடைப்பதே பெரும்பாடு.