ஏரிக்கரை வளைவில் தண்ணீர்க் கணக்கு தப்பக் கூடாது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது, விழுப்புரம் மாவட்டம் வெள்ளக்காடானது. இத்தகைய மழையில் எந்த ஏரி நிரம்பும், தண்ணீர் எங்கே புகும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே கணக்கிடலாம். அதற்கான வழிகளில் ஒன்று ஃபைனைட் எலிமென்ட் முறை. நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரித்து, அவற்றின் மூலைகளில் நீர்மட்டத்தைக் கணக்கிடுவார்கள். அந்த மூலைகளே கணுக்கள்.

தொங்கு கணு எது?

மாவட்டம் முழுவதையும் பொடிக் கட்டங்களாக்கினால் கணினி திணறும். அதனால் மதகு, கலங்கல், கரை ஓரங்களில் மட்டும் கட்டத்தை நான்காகப் பிரிப்பார்கள். அப்போது சிறு கட்டத்தின் மூலை, பக்கத்துப் பெரிய கட்டத்தின் விளிம்பு நடுவில் வந்து நிற்கும். பெரிய கட்டத்துக்கு அங்கே கணு கிடையாது. இதுதான் தொங்கு கணு. எளிய கட்டங்களில், விளிம்பின் இரு முனை மதிப்புகளின் சராசரியை அதற்குக் கொடுத்தால் இரு பக்கமும் பொருந்தும்.

வளைவில் என்ன சிக்கல்?

ஏரிக்கரை வளைந்தது. 500 மீட்டர் ஆரமுள்ள கரையில் 100 மீட்டர் நேர்விளிம்பின் நடுப்புள்ளி, கரையிலிருந்து சுமார் இரண்டரை மீட்டர் விலகியிருக்கும். ஏரிப்பக்கக் கட்டத்தை மட்டும் பிரித்துப் புதிய கணுவைக் கரைக்கு நகர்த்தினால், வயல்பக்கக் கட்டத்தின் விளிம்பு நேராகவே இருக்கும். கரை வயலை நோக்கிப் புடைத்திருந்தால் இடையிலுள்ள 125 சதுர மீட்டர் இரு கட்டங்களிலும் சேரும். ஏரியை நோக்கிப் புடைத்திருந்தால் எதிலும் சேராது. அங்கே ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர் நின்றால் 1,25,000 லிட்டர் பிழை. இது ஒரே ஒரு விளிம்பில்.

கரையோடு கணக்கு முடிந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. எதிர்ப்பக்கம் கட்டமே கிடையாது. கரை உடைந்து ஊருக்குள் வரும் வெள்ளத்தைக் கணக்கிடும்போதுதான் இரு பக்கமும் தேவைப்படுகின்றன.

தீர்வு என்ன?

கரையின் இரு பக்கமும் ஒரே அளவில் பிரித்து, அளவு மாறும் இடத்தை வயல்வெளிக்குத் தள்ளுவது எளிய வழி. பெரிய கட்டத்தை முக்கோணங்களாக வெட்டிக் கணுவை இணைப்பது இன்னொன்று. இரு பக்கக் கட்டங்களுக்கும் ஒரே வளைந்த விளிம்பைக் கொடுப்பது மூன்றாவது. எதுவும் முடியாவிட்டால், பக்கத்துக் கட்டம் பிரியும்வரை கணு நேர்கோட்டிலேயே இருக்கட்டும். கணுவின் இடம் முதலில் பொருந்த வேண்டும். மதிப்பு அதன் பிறகுதான்.

ஒவ்வொரு முறை பிரித்த பிறகும் எல்லாக் கட்டங்களின் பரப்பையும் கூட்டிப் பார்க்க வேண்டும். வெளி எல்லைக்குள் அடங்கிய பரப்போடு அது ஒத்துப்போகாத கட்ட அமைப்பை வைத்து எந்த ஊருக்கும் வெள்ள எச்சரிக்கை தரக் கூடாது.