காட்டோரத்தில் நாயோடு நடந்தால்...

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், விலங்கியல்)

நன்றிக்கு எடுத்துக்காட்டு கேட்டால் நம் நாட்டில் எல்லோரும் நாயைத்தான் சொல்வார்கள். மனிதன் முதன்முதலில் பழக்கிய விலங்கும் அதுவே. ஆடும் மாடும் கோழியும் நம்மிடம் வந்து சேர்வதற்கு முன்பே, குறைந்தது 14,000 ஆண்டுகளுக்கு முன்பே, ஓநாய் இனத்திலிருந்து பிரிந்து வந்த நாய் மனிதனின் தோழனாகிவிட்டது என்று அகழ்ந்தெடுத்த எலும்புகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள் கூறுகின்றனர்.

வீட்டில் தோழனாக இருக்கும் அதே நாய், காட்டோரத்தில் நம்மோடு நடக்கும்போது என்ன நிகழ்கிறது? காட்டு விலங்குகள் அதனை எப்படிப் பார்க்கின்றன? அது உடன் வருவது நமக்குப் பாதுகாப்பா, ஆபத்தா? இக்கேள்விகள் எனக்குப் பாடப் புத்தகத்திலிருந்து எழவில்லை. என் தந்தையின் காலில் உள்ள தழும்பிலிருந்து எழுந்தன.

எங்கள் ஊர் சவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ளது. ஊரைத் தாண்டினால் மானாவாரிக் கொல்லைகள்; அவற்றைத் தாண்டினால் காரையும் சூரையும் மண்டிய புதர்கள்; அதற்கு அப்பால் காடு. நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது, காலாண்டு விடுமுறையில் ஒரு நாள் விடியற்காலை, நிலக்கடலைக் கொல்லையைப் பார்க்க அப்பாவோடு சென்றேன். எங்கள் நாய் மணியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். கொல்லையின் ஓரத்தில் காட்டுப்பன்றிகள் கிளறிப் போட்ட மண் ஈரம் காயாமல் கிடந்தது. மணி சட்டென்று நின்றது. காதுகள் முன்னால் நிமிர்ந்தன, முதுகு மயிர் சிலிர்த்தது, வால் விறைத்தது.

"கயித்த விடாதடா" என்றார் அப்பா.

வேடிக்கை பார்க்கும் ஆசையில் நான் விட்டுவிட்டேன். மணி புதருக்குள் பாய்ந்தது. குட்டிகள் வீறிடும் ஓசை கேட்டது. மறுகணம் மணி புதரிலிருந்து வெளியே ஓடி வந்தது. அதன் பின்னால் தாய்ப் பன்றி! மணி எங்கும் நிற்கவில்லை. நேராக வந்து என் கால்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. அப்பா என்னைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். பன்றி அவருடைய கெண்டைக்காலைக் கிழித்துவிட்டுத் திரும்பிப் புதருக்குள் ஓடியது. ஒன்பது தையல், வெறிநோய்த் தடுப்பூசிகள், ஒரு மாதம் படுக்கை. அந்த ஆண்டு அம்மா தனியாளாகக் கடலை பிடுங்கினார்.

ஊரில் சிலர் பன்றியைத் திட்டினார்கள். சிலர் நாயைத் திட்டினார்கள். அப்பா மட்டும், "குட்டி போட்ட எடத்துல நாய விட்டா அது என்ன பண்ணும்?" என்றார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சொன்னது எவ்வளவு பெரிய உண்மை என்பது விலங்கியல் படிக்க வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மூக்கே அதன் கண்

நாம் காட்டைக் கண்ணால் பார்க்கிறோம். நாய் மூக்கால் பார்க்கிறது. மனிதனின் மூக்கில் மணத்தை உணரும் செல்கள் சுமார் 50 லட்சம் முதல் 60 லட்சம் வரை உள்ளன. நாய்க்கோ அவை 20 கோடி அளவில் உள்ளன. மூச்சை வெளியே விடும்போது நாயின் மூக்குத் துளைகளின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாகக் காற்று வெளியேறுகிறது. இதனால் உள்ளே வரும் புதிய மணம் கலைந்து போவதில்லை. இவையன்றி வாயின் மேலண்ணத்திற்கு மேலே ஜேக்கப்சன் உறுப்பு என்ற தனி உறுப்பும் அதற்கு உண்டு. மற்ற விலங்குகளின் உடல் சுரக்கும் இரசாயனச் செய்திகளை அறிய அது உதவுகிறது.

எனவே புதருக்குள் பன்றி இருப்பது எங்களுக்குத் தெரியும் முன்பே மணிக்குத் தெரிந்துவிட்டது. அது நின்றதும் மயிர் சிலிர்த்ததும் எங்களுக்குக் கிடைத்த எச்சரிக்கை. அதைப் படிக்கத் தெரிந்தவர் அப்பா, தெரியாதவன் நான்.

காட்டின் பார்வையில் நாய்

நமக்கு அது செல்லப் பிராணி. காட்டு விலங்குக்கு அது ஓநாயின் உறவு, வேட்டையாடும் விலங்கு. தரையில் கூடு வைக்கும் ஆள்காட்டிக் குருவியை எடுத்துக்கொள்வோம். கூழாங்கற்களுக்கு நடுவே, கல்லைப் போன்ற நிறத்திலேயே அது முட்டையிடுகிறது. நாய் அருகில் வந்தால் பெற்றோர்ப் பறவைகள் இரண்டும் கூச்சலிட்டு, தலைக்கு மேலே பாய்ந்து பாய்ந்து பறக்கும். நாம் அதை வேடிக்கையாகப் பார்க்கிறோம். ஆனால் கோடை வெயிலில் அம்முட்டைகளுக்குத் தாயின் உடலே நிழல். அது எழுந்து பறக்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டைகள் சுட்ட தரையில் வெந்துகொண்டிருக்கின்றன.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகருக்கு அருகிலுள்ள காட்டுப் பாதைகளில் நடத்திய ஓர் ஆய்வு 2007-ல் வெளிவந்தது. கயிற்றில் கட்டிய நாயோடு ஒருவர் நடந்து சென்ற பாதைகளில், யாரும் நடக்காத பாதைகளைவிடப் பறவை வகைகள் 35 சதவீதமும், பறவைகளின் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்திருந்தன. நாயின்றி மனிதர் மட்டும் நடந்தபோது பாதிப்பு அதில் பாதிகூட இல்லை. குரைக்காமல், துரத்தாமல், வெறுமனே நடந்து போனாலே இந்த நிலை!

ஆபத்தை அழைத்து வரும் தோழன்

நாய் உடன் இருந்தால் காட்டு விலங்கு அஞ்சி ஓடும் என்பது பொதுவான நம்பிக்கை. முயலும் மானும் ஓடும். எல்லா விலங்கும் ஓடுவதில்லை. கரடியை எண்ணிப் பாருங்கள். அதற்குப் பார்வையும் செவியும் கூர்மையானவை அல்ல. கரையான் புற்றைத் தோண்டி, மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சும்போது அது எழுப்பும் ஓசையில், ஆள் அருகில் வரும்வரை அதற்குத் தெரிவதில்லை. அந்த நேரத்தில் நாய் போய்க் குரைத்தால், திடுக்கிட்ட கரடி பாயும். நாய் வேகமாக ஓடிவிடும். எங்கே ஓடும்? தன்னைக் காப்பவன் என்று அது நம்பும் எஜமானனிடம்தான்! மணியும் அதைத்தான் செய்தது. அது கோழைத்தனம் அன்று, நம்பிக்கை. அந்த நம்பிக்கையே நம் உயிருக்கு ஆபத்தாக முடியக்கூடும்.

சிறுத்தையின் கதை வேறு. அதற்கு நாயே இரை. மகாராஷ்டிராவின் மேற்குப் பகுதியில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், அவை உண்ட இரையின் எடையில் 39 சதவீதம் நாய்களே என்று தெரியவந்தது. சிறுத்தை நடமாடும் இடத்தில் அந்தி நேரத்தில் நாயோடு நடப்பவர், சிறுத்தைக்குப் பிடித்த இரையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார் என்றே பொருள்.

கண்ணுக்குத் தெரியாத தீங்கு

நாய் கடிக்காமலேயே காட்டு விலங்கைக் கொல்ல முடியும். 1994-ல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி காட்டில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள், அதாவது சுமார் ஆயிரம் சிங்கங்கள், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயால் மாண்டன. காட்டைச் சுற்றியுள்ள ஊர்களின் வளர்ப்பு நாய்களிடமிருந்து அந்நோய் பரவியதாக விஞ்ஞானிகள் கருதினர். 2018-ல் நம் நாட்டின் கிர் காட்டில், ஒரே வனச்சரகத்தில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் இறந்தன. அவற்றுள் சிலவற்றின் உடலில் இதே வைரஸ் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. ஆசியச் சிங்கம் இயற்கையாக வாழும் இடம் உலகில் அப்பகுதி ஒன்றே என்பதை நினைத்தால் நெஞ்சம் நடுங்குகிறது.

வெறிநோயும் அப்படியே. நாயிடமிருந்து நரிக்கும், நரியிடமிருந்து நாய்க்கும் அது பரவும். இரண்டிடமிருந்தும் மனிதனுக்கு வரும். 1885-ல் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டார். 1907-ல் நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. இத்தனை ஆண்டுகள் கழிந்தும், அறிகுறி தோன்றிய பின் இந்நோய்க்குப் பிழைப்பவர் மிக மிக அரியர். கடிபட்ட உடனே காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்வது ஒன்றே வழி. காட்டுப்பன்றி கடித்தாலும் இதுவே விதி.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, காட்டோரம் செல்லும் நாய்க்கு வெறிநோய், டிஸ்டெம்பர் இரண்டுக்கும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். இரண்டாவதாக, கயிறு குட்டையாகவும் கையிலும் இருக்க வேண்டும். மூன்றாவதாக, நாய் நின்று முறைத்தால் நாமும் நிற்க வேண்டும். என்னவென்று போய்ப் பார்க்காமல், வந்த வழியே மெல்லத் திரும்ப வேண்டும். நான்காவதாக, விடியலிலும் அந்தியிலும், பறவைகள் தரையில் முட்டையிடும் காலத்திலும் நாயோடு புதர்ப் பக்கம் செல்லாதிருப்பது நன்று. கண்ணாடிவிரியன் சருகோடு சருகாகக் கிடக்கும் இடத்தில் முதலில் நீளுவது நாயின் மூக்குத்தான் என்பதையும் மறக்கக் கூடாது. இறுதியாக, 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல் கொல்வதை மட்டும் குறிப்பதன்று. விரட்டுவதும் துரத்துவதும் அதில் அடங்கும். நாயை ஏவி மானையோ முயலையோ ஓட விடுவது விளையாட்டல்ல, குற்றம்.

இவற்றைப் படிக்கும் நண்பர்கள், "அப்படியானால் நாயைக் காட்டோரம் கொண்டு செல்லவே கூடாதா?" என்று கேட்கலாம். சரணாலயத்துக்குள் கொண்டு செல்லவே கூடாது. கொல்லையில் காவல் இருப்பவருக்கும் ஆடு மேய்ப்பவருக்கும் நாய் இல்லாமல் முடியாது. அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: நாயின் மூக்கை நம்புங்கள், அதன் காலை அவிழ்த்து விடாதீர்கள்.

மணிக்கு இப்போது வயதாகிவிட்டது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பாவும் நானும் அதனோடு கொல்லைக்குப் போகிறோம். இரண்டு மாதங்களுக்கு முன்பு, அதே புதரருகில் அது நின்றது, மயிர் சிலிர்த்தது. நான் கயிற்றை இறுகப் பிடித்தேன். மூவரும் திரும்பி நடந்தோம். புதருக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது அங்கே நிம்மதியாக இருந்திருக்கும். நாங்களும் முழுதாக வீடு வந்து சேர்ந்தோம்.