கணக்கு வராத மகளைத் திட்டாதீர்கள்

நன்றாகப் பேசுகிறாள், வாசிக்கிறாள். கணக்கு மட்டும் வரவில்லை. பிறரின் முகக்குறிப்பு புரியாததால் தோழிகளும் குறைவு. வயதுக்கேற்ற உயரமும் இல்லை. இப்படிப்பட்ட மகளை 'சோம்பேறி' என்று திட்டிவிடுகிறோம்.

இது டர்னர் சிண்ட்ரோமாக இருக்கலாம். இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுமையாகவோ பகுதியாகவோ இல்லாத நிலை இது. சுமார் 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கிறது. 1938-ல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி டர்னர் விவரித்தார். குரோமோசோம் காரணம் 1959-ல் தெரிந்தது. பெரும்பாலும் தற்செயலாக நேர்வது, தாயின் குற்றமல்ல. பொது அறிவுத்திறனும் பெரும்பாலோருக்குக் குறைவதில்லை.

ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். சேலையூர்ப் பெற்றோர் தாம்பரத்தில் ரயிலேறி எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையில் கேட்கலாம். சீக்கிரம் தெரிந்தால் வளர்ச்சி ஹார்மோன் சிகிச்சை பலன் தரும், இதயத்தையும் பரிசோதிக்கலாம். கணக்கை வாய்விட்டு, படிப்படியாகச் சொல்லிக்கொடுப்போம். 'கல்யாணம் நின்றுவிடும்' என்று மறைத்தால் இழப்பு மகளுக்குத்தான்.